கை எடை

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மாலை 6.47 மணிக்கு பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தெருக்களுக்கு மின்சாரம் நின்றது. 7.09 மணிக்குத் திரும்பி வந்தது.

அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால், ஓஸ்வால்ட் தன் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு புதிய பவர் சப்ளையை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, பழக்கத்தின்படி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றியபோது உள்ளே ஏதோ நகர்ந்து தகரத்தில் மோதியது. திருகாணி கழன்று கிடந்தால் வரும் சிணுங்கல் அல்ல. மொத்தையான ஒன்று புரண்டு படுப்பதுபோல, ஒரே ஒரு தடவை, டொக்.

சாய்த்துப் பார்த்தார். டொக்.

இதே கடையில், இதே நாளில், இதே மாதிரி இரண்டு வாங்கியிருந்தார். ஒன்று தனக்கு, இன்னும் மாட்டவில்லை. மற்றது மூன்று வாரமாகக் கீழ் வீட்டில், லவினாவின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

கீழ் வீடு லவினாவின் அம்மா மௌரீனுடையது. மாடியில் ஓஸ்வால்டும் மனைவி சோஃபியாவும் இருபத்தொரு வருடமாகக் குடியிருந்தார்கள். லவினா கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் செய்பவள். புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியபோது பழைய பவர் சப்ளை அதற்குப் போதாது என்று தெரிந்து, எதை வாங்குவது என்று ஓஸ்வால்டிடம் கேட்டாள். அவர்களுடைய தேவாலயப் பங்கில் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தேழு வருடம் கம்ப்யூட்டர் லேப் நடத்தி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் அந்தப் பேச்சு நடந்தது. லவினாவின் பெரியப்பா மகன் க்ளென், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவில் இருப்பவன், குறுக்கே வந்தான்.

“அங்கிள், கார்டு பொட்டியிலயே 750 வாட்னு போட்டிருக்கான். நல்ல கம்பெனியா, டெஸ்ட் பண்ண சர்ட்டிஃபிகேட் இருக்கிறதா பாத்து வாங்கலாம். ஸ்டிக்கர்ல என்னா வேணா அச்சடிப்பாங்க.”

“நீ டயாப்பர் போட்டுட்டு இருந்தப்பவே நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணவன்டா,” என்றார் ஓஸ்வால்ட். “சர்ட்டிஃபிகேட்டையும் அதே பிரஸ்லதான் அச்சடிப்பான். கையில தூக்கிப் பாரு. உள்ள செம்பு இருந்தா கனம் இருக்கும். செம்பு பொய் சொல்லாது.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். க்ளென் காது சிவந்து ஒதுங்கினான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற மௌரீன்தான் கடைசி வார்த்தை சொன்னாள். “நம்ம ஓஸியை எவனும் ஏமாத்த முடியாது. பேரும் ஓஸி, வேலையும் ஓசி. இதுக்கு மேல என்னாடி வேணும் உனக்கு?”

மார்க்கெட் சந்து ஒன்றின் இரண்டாவது மாடிக் கடையில், கவுன்டருக்குப் பின்னால் இருந்தவன் வாட் கணக்கு எதுவும் பேசவில்லை. ஓஸ்வால்ட் நின்ற விதத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, “சார், கையில தூக்கிப் பாருங்க,” என்றான். அவர் தூக்கிப் பார்த்தார். மனம் குளிர்ந்தது.

இப்போது மேசையில் நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார்.

உள்ளே பாதிக்கு மேல் வெறும் இடம். உள்ளங்கை அளவில் ஒரு சர்க்யூட் போர்டு, அதில் பல இடங்களில் பாகம் இல்லாமல் துளைகள் மட்டும். கட்டைவிரல் பருமனில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். நூல் போன்ற வயர்கள். மூலையில், உலர்ந்த பசை ஒட்டியிருந்த சாம்பல் நிறக் கட்டி ஒன்று கழன்று கிடந்தது. விரலால் தொட்டார். சொரசொரப்பாக, குளிர்ந்து இருந்தது. சிமென்ட். ஓரத்தில் ஒரு மனிதனின் பெருவிரல் ரேகை பதிந்து காய்ந்திருந்தது. ஈரமாக இருந்தபோது யாரோ அழுத்தி வைத்திருக்கிறான்.

வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் ஓஸ்வால்ட் திரும்பிப் பார்த்தார். முகம் காதுவரை சுட்டது.

சோஃபியாவும் லவினாவும் ஈஸ்டருக்கு முந்தைய தபசு கால வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதைக்குக் கோவிலுக்குப் போயிருந்தார்கள். புறப்படுமுன் லவினா படியடியில் நின்று குரல் கொடுத்திருந்தாள். “அங்கிள், ரெட்டிங்க வீட்டுக் கல்யாண வீடியோவை மத்தியானமே எக்ஸ்போர்ட் போட்டிருக்கேன். ஃபுல் லோட்ல எட்டு மணி நேரம் ஓடும். நாளைக்கு டெலிவரி. விட்டுட்டுப் போலாம்ல?”

“மூணு நாள் ஓட்டும்மா. ஒண்ணும் ஆகாது,” என்று சொல்லியிருந்தார்.

மௌரீன் கீழே ஹாலில் தன் கட்டிலில் இருந்தாள். கம்ப்யூட்டர் அடுத்த அறையில். நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும். ஜன்னல்களுக்குக் கம்பி. பின்கதவு எப்போதும் உள்ளே தாழிட்டது. மெயின் சுவிட்சும் ஹாலுக்குள்தான். லவினா வெளியே போகும்போது முன்கதவைப் பூட்டிக்கொண்டு போவாள். மாற்றுச் சாவி ஓஸ்வால்ட் வீட்டு ஆணியில், பழைய ஜெபமாலை ஒன்றுக்குப் பக்கத்தில் தொங்கியது.

இறங்கிப் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை.

ஆனால் எக்ஸ்போர்ட் பாழாகும். ஏன் அணைத்தீர்கள் என்று லவினா கேட்பாள். க்ளென் கேட்க மாட்டான். சிமென்ட் கட்டியைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டுத் திருப்பித் தருவான். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோவில் வாசல் முழுக்கத் தெரிந்திருக்கும். ஓஸ்வால்ட் அந்தக் காட்சியைக் கண்முன் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் ஓடிய பெட்டி, இன்னும் சில மணி நேரம் ஓடாதா? திங்கட்கிழமை நல்லதாக ஒன்றை வாங்கி, ‘இதைவிட உசத்தியா வந்திருக்கும்மா’ என்று சொல்லிச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

போன் அதிர்ந்தது. லவினாவின் மெசேஜ். அவள் கோவிலிலிருந்தே போனில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்: “71% அங்கிள்! உங்க பவர் சப்ளை சூப்பர்.”

அவர் கட்டைவிரல் ஒன்றை உயர்த்தி அனுப்பினார்.

அப்போதுதான் தரை வழியாக வரும் சத்தத்தைக் கவனித்தார். கீழே மின்விசிறி ஒன்று இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோல, மெல்லிய உயர்ந்த சுருதியில் இன்னொரு சத்தம் ஏறி, நின்று, மறுபடி ஏறியது. அதோடு ஜன்னல் வழியாக மீன் வாடை வந்தது. வெள்ளிக்கிழமை. கறி ஆகாத நாள். தெருவில் இருந்த பாதி வீடுகளில் மீன் பொரியும். சோஃபியாகூடக் காலையிலேயே வஞ்சிர மீன் குழம்பு வைத்து மூடிவிட்டுத்தான் போனாள். அவர் சமையலறைக்குப் போய் மூடியைத் திறந்து முகர்ந்தார். புளியும் மிளகாயும் மணத்தன. ஜன்னலுக்கு வந்து மறுபடி முகர்ந்தார். இது வேறு. புளியில்லாத, எண்ணெயில்லாத, காய்ந்த மீன் வாடை. மூக்கின் உச்சியில் கூர்மையாகக் குத்தியது.

இருபத்தேழு வருடமாக ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வகுப்புக்கு அவர் முதல் நாளில் சொல்லும் வாக்கியம் ஒன்று இருந்தது. ‘வயர் சூடாகி பிளாஸ்டிக் கெட்டா மீன் நாத்தம் வரும். மீன் சமைக்காத வீட்ல மீன் வாசம் வந்தா முதல்ல மெயினை அணை.’

கீழ் வீட்டில் இன்று யார் மீன் பொரிக்கிறார்கள்?

அடுத்த வீடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். வாய்விட்டே சொன்னார்.

6.47க்கு விளக்கு அணைந்தது. இரைச்சலும் நின்றது. அந்த அமைதி மேலிருந்து ஒரு ஈரத் துணியைப் போட்டதுபோல விழுந்தது.

ஓஸ்வால்டுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தப்பித்தோம். லவினாவிடம் இருந்து மெசேஜ்: “அங்கிள் கரண்ட் போச்சா? ஆஃப்லைன் காட்டுது. யூபிஎஸ் வேற செத்துக் கெடக்கு 😭.” அவர் பதில் அடித்தார்: “ஆமாம்மா. என்ன பண்றது.” இனி கரண்ட் வருவதற்குள் கீழே போய்ப் பின்பக்க வயரைப் பிடுங்கிவிட்டால் போதும். கரண்ட் போனதில் பவர் சப்ளை அடிபட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பழி மின்சார ஆபீஸுக்கு. கரண்ட் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகும்படி அதில் செட்டிங் வைத்ததும் அவர்தான், லவினா கைதட்டியிருந்தாள். ஆகவே, அதற்கு முன் போக வேண்டும்.

சாவியை எடுத்தார். செருப்பைக் கழற்றி வைத்தார். டார்ச் போடவில்லை. இருட்டில் சுவரைத் தடவி, வெளிப்படிகளில் வெறுங்காலோடு இறங்கினார். ஏன் இப்படி இறங்குகிறோம் என்று பாதிப் படியில் ஒரு கேள்வி எழுந்தது. மிச்சப் படிகளையும் இறங்கினார்.

கோவில் ஒலிபெருக்கி ஜெனரேட்டரில் ஓடியது போலும். தூரத்தில் சிலுவைப் பாதையின் பத்தாம் நிலை வாசித்தார்கள். இயேசுவின் ஆடைகளைக் களைகிறார்கள்.

சாவியைத் துவாரத்தில் வைத்தார். இரும்பு இரும்பில் உரசியது.

“யாரு?” உள்ளிருந்து மௌரீனின் குரல்.

அவர் அசையவில்லை.

“லவினா? வந்துட்டியா?”

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. நான்தான். அதற்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். ‘என்னா ஓஸி, இருட்டுல?’ ‘வயரைப் பிடுங்க வந்தேன்.’ ‘ஏன்?’ வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் வந்தது. படி இறங்கியதிலும் பயத்திலும் அது பலமாக, ஈரமாக, கதவுப் பலகையில் பட்டுத் திரும்பியது. தன் மூச்சே தனக்குக் கேட்டது.

“யாரது?” குரல் மாறியிருந்தது. “ஓஸியா? யாராச்சும் பதில் சொல்லுங்களேன். யாரு மூச்சு விடுறது?”

கட்டில் கிரீச்சிட்டது. வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் பட்டன. தக். தக்.

ஓஸ்வால்ட் சாவியை உருவிக்கொண்டு மாடிக்கு ஏறினார். ஒவ்வொரு படியிலும் முன்காலை மட்டும் ஊன்றி ஏறினார், திருடனைப்போல. எழுபத்திரண்டு வயதுப் பெண்ணை இருட்டில் பயமுறுத்திவிட்டு ஏறுகிறோம் என்பது தெரிந்தே ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கீழே வாக்கர் நகர்ந்தது. தக். தக். நின்றது. பிறகு இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று இழுபட்டு விழும் சத்தம். அதற்குப் பிறகு மௌரீன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது. அவர் ஏழையும் எண்ணினார். எண்ணுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது நிம்மதியாக இருந்தது.

சிமென்ட் கட்டியை எடுத்துப் பால்கனியில் சோஃபியாவின் பெரணித் தொட்டிக்குள் புதைத்தார். விரலில் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விளக்கு வந்தது.

7.09.

கீழே மின்விசிறி சுழலத் தொடங்கியது. அந்த மெல்லிய முனகலும் கூடவே.

மேசையில் போன் அதிர்ந்தது. மௌரீனின் போனுக்கு வீட்டு வைஃபை மட்டும்தான். இருட்டில் பேசி அனுப்பியது இப்போதுதான் வந்து சேர்ந்தது. வாய்ஸ் மெசேஜ். ஐம்பத்திரண்டு விநாடி. அவர் அழுத்தினார்.

“ஓஸி, நான் மௌரீன்.” கிசுகிசுப்பு. “யாரோ கதவாண்ட நிக்கிறான்டா. சாவி போட்டுத் திருகுறான். கேட்டா பேச மாட்டேங்கிறான். மூச்சு வுடுறான். நான் உள்தாப்பா போட்டுட்டேன். நீ கொஞ்சம் கீழ வாடா. எதிர்வீட்டு ரயானையும் கூட்டிட்டு வா. தனியா வராத.”

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

குரல் நின்றது. ஆனால் மெசேஜ் முடியவில்லை. கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. ஏழுவரை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிய அதே ஏழு. அது அடங்கியதும் மௌரீன் மறுபடி, இன்னும் தாழ்ந்த குரலில்:

“இன்னும் நிக்கிறான் ஓஸி. போவல. கதவுல வாய வச்சுட்டு மூச்சு வுடுறான்.”

அவள் வாயை மூடியபின் வந்த மூன்று விநாடிகளில் அது போனில் பதிவாகியிருந்தது. பலமாக. ஈரமாக. பலகையில் பட்டுத் திரும்பும் மூச்சு.

ஓஸ்வால்ட் போனைக் கவிழ்த்து வைத்தார்.

நான் மேலே இருந்தேன்.

ஏழு அடித்தபோது நான் இங்கே இருந்தேன்.

மீன் வாடை. இப்போது ஜன்னல் வழியாக அல்ல. தரை வழியாக.

டப்.

ஒரே ஒரு வெடிப்பு. இரைச்சல் நின்றது. முனகல் நின்றது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு துணி கிழிவதுபோல ஒரு சத்தம் தொடங்கி, நிற்காமல் வளர்ந்தது. திரைச்சீலை.

படிகளில் ஓடினார். எத்தனை படி என்று தெரியவில்லை. வாசலில் யாரும் இல்லை. கதவுக்கடியிலிருந்து கறுத்த புகை ஒரு கையைப்போல வெளியே துழாவியது. சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தார்.

“அக்கா! நான் ஓஸி! தாப்பாளை எடுங்க! நெருப்பு!”

இருமல். கதவுக்கு மிக அருகில். அவள் கதவுக்கு மறுபக்கம்தான் நின்றிருந்தாள்.

“ஓஸியா?”

“நான்தான்க்கா! தெறங்க!”

“அப்ப முன்ன நின்னது யாரு?”

தெருவில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். “ஏனாயித்து? ஏனாயித்து?” என்று, என்ன ஆச்சு எனக் கேட்டு ஒரு பெண் கன்னடத்தில் கத்தினாள். எதிர்வீட்டு ரயான் கேட்டைத் தாண்டிக் குதித்தான். கோவில் முடிந்து வந்தவர்கள் முக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கும்பலில் க்ளெனின் நெட்டையான உருவம் தெரிந்தது.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை.

“தெரியலக்கா,” என்றார் ஓஸ்வால்ட். “நான் இப்பதான் வர்றேன்.”

உள்ளே இருமல் அடங்க நேரமானது.

“அப்ப அவன் இன்னும் அங்கதான் இருக்கான்டா.”

“இல்லக்கா. போயிட்டான். யாருமில்ல. தெறங்க.”

“போவல.” குரல் தாழ்ந்து, கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்தது. உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு மூச்சு கேக்குதுடா ஓஸி. ஒண்ணு உன்னுது. பாத்துக்கோ. உன் பக்கத்துலதான் நிக்கிறான்.”

அவர் மூச்சை நிறுத்தினார்.

நிற்கவில்லை. இடது காதுக்கருகில். பலமாக. ஈரமாக.

திரும்பிப் பார்க்கவில்லை.

ரயான் அவரை இடுப்பில் பிடித்து இழுத்து, வாசலுக்கு வெளியே பூந்தொட்டிகளுக்கிடையில் தள்ளினான். க்ளெனும் அவனும் இரும்பு பெஞ்சைத் தூக்கிக் கதவை இடித்தார்கள். ஆறாவது இடியில் கதவு கீலோடு உள்ளே சாய்ந்தது. மௌரீன் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மேலே உயர்ந்திருந்த இரண்டு கைகளும் தாழ்ப்பாள் கழன்றுவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தன. அந்த விரல்களை லவினாதான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

தீயணைப்பு வண்டி 7.31க்கு வந்தது.

மறுநாள் காலை ஓஸ்வால்ட் கீழே இறங்கினார். முன்வாசலின் சிவப்புத் தரை முழுக்கக் கரி படிந்திருந்தது. ஓடியவர்களின் தடங்கள், பூட்ஸ் தடங்கள், பெஞ்சை இழுத்த கோடு எல்லாம் கரிமேல் பதிந்திருந்தன. கதவு இருந்த இடத்துக்கு நேர் முன்னால் மட்டும் இரண்டு வெறுங்கால் வடிவங்கள் கரி படியாமல் சுத்தமாக இருந்தன. புகை வந்துகொண்டிருந்த நேரம் முழுக்க யாரோ அசையாமல் அங்கே நின்றதுபோல. ரயான் தன்னை இழுத்துத் தள்ளிய பிறகும்தான் புகை வெகுநேரம் வந்தது. கால்விரல்கள் கதவைப் பார்த்திருந்தன.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, அவற்றின்மேல் தன் கால்களை வைத்தார். சரியாகப் பொருந்தின.

உள்ளே க்ளென் கருகிய கம்ப்யூட்டரிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றி எடுத்து, கையில் வைத்து ஒரு தடவை சாய்த்தான். டொக் என்றது. அவன் அதை மேசையில் வைத்தான்.

போலீஸ்காரர் வந்து, வாசலில் முன்பு நின்றவனைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஓஸ்வால்ட் தெரியாது என்றார். போலீஸ்காரர் போனதும் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வாசலைக் கழுவினார். மௌரீனை ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தார்கள். அறிக்கையில் காரணம் ‘மின்கசிவு’ என்று எழுதப்பட்டது. சாட்சிக் கையெழுத்து ஓஸ்வால்ட் போட்டார்.